என் சட்டை பதினேழாம் நம்பர்

பாம்பனில் மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனிக்குள்
இப்போது குளிர் இல்லை, விளக்குகள்.
அமோனியா நெடி மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை.
கண் எரிந்தது. அழுகிறேன் என்று நினைத்து
ஒரு பையன் காகிதக் கைக்குட்டை நீட்டினான்.

வரிசையாகத் தலையில்லாப் பொம்மைகள்.
ஒன்றுக்கு நண்டுவலையில் பாவாடை,
ஒன்றுக்குத் தெர்மாக்கோல் மிதவை கோத்த மாலை,
இன்னொன்றுக்கு இடுப்பில் நைலான் கயிறு ஏழு சுற்று.
ராக்கு என் காதில் கேட்டாள்:
"நங்கூரம் எங்கடி?"

பதினேழாவதாக நின்றது நான்தான்.
நான் என்றால், என் சட்டை.
கொழுந்தன் கத்தாரில் போட்டுக் கழித்தது.
பையில் கம்பெனி முத்திரை,
முழங்கையில் பார் கீறிய மூன்று கோடு.
ஆடி அமாவாசை முடிந்த கையோடு
எண்ணூறு ரூபாய்க்குக் கேட்டாள் தாரிணி.
புதுசே இருநூறுக்குக் கிடைக்கும்.
ஏமாற்றுகிறேனோ என்று
இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

அட்டையில் இருந்ததை அந்தப் பையன் வாசித்தான்:
"பருத்தி, உப்பு, காலம்."
பருத்தி இல்லை தம்பி, பாலியஸ்டர்.
பருத்தி தண்ணீர் குடித்துக் கனக்கும்,
மேலே வர விடாது.
உப்பு சரி.
காலம் எதுவென்று தெரியவில்லை.
மாதத்தில் பன்னிரண்டு நாள் என்றால்
அதை அப்படியே எழுதியிருக்கலாம்.

கீழே சைக்கிள் டியூபால் கட்டிய செருப்பு.
அது நம்புத்தாயுடையது, சின்னக் கால்காரி.
என் தோளும் அவள் பாதமுமாக
அப்படி ஒருத்தி
எங்கள் வள்ளத்தில் ஏறியதே இல்லை.

சென்னையிலிருந்து வந்தவர்கள்
தள்ளி நின்று, தலை சாய்த்து,
சில்லுவெட், சில்லுவெட் என்றார்கள்.
சீலாவுக்குத் தம்பி மீனாக்கும் என்றாள் ராக்கு.

கழுத்துப் பொத்தானைத் திறந்து விட்டிருந்தார்கள்.
காலர் ஒருபக்கம் சரிந்து, அழகாகத்தான் இருந்தது.
ஆனால் கொண்டல் திரும்பினால் சொறி வரும்.
அதில் ஒரு இழை உள்ளே போனால்
மூன்று நாளைக்குக் கழுத்து திரும்பாது.
கை தானாகப் போனது.

"தொடாதீங்கம்மா."
காவலுக்கு நின்றவன் தங்கச்சிமடத்துச் சந்தியாகு.
அவன் அம்மா அள்ளிய மரிக்கொழுந்தும் நான் அள்ளியதும்
ஒரே தராசில் ஏறும்.
அவனுக்கும் வெட்கம், எனக்கும்.

தாரிணி ஓடி வந்தாள்,
வாயில் இரண்டு குண்டூசி.
ஆறு விரலுக்கு வெள்ளை டேப் சுற்றியிருந்தாள்.
நான் அதையே பார்த்தேன்.
நாங்களும் சுற்றுவோம், பழஞ்சேலை கிழித்து,
ஒவ்வொரு விரலாக,
வள்ளம் குருசடைப் பக்கம் போய்ச் சேர்வதற்குள்.
"எப்படிப் போடணுமோ நீங்களே போடுங்க"
என்றாள். ஊசியோடு சொன்னதில்
பாதிதான் விளங்கியது.

போட்டேன், கழுத்து வரை.
கைப்பொத்தான் அறுந்த இடத்துக்கு ரப்பர் கேட்டேன்.
யாரோ ஒரு பெண்
கொண்டையிலிருந்து உருவிக் கொடுத்தாள்.
நுனியைச் சொருக இடுப்பைத் தேடினால்
கம்பி இருந்தது. கம்பியில் சொருகினேன்.
சட்டை இப்போது
கடையில் இறுக்கிக் கட்டிய பொட்டலம்.
தாரிணி முகம் சுளிக்கவில்லை,
கொஞ்ச நேரம் பேசவும் இல்லை.
அப்புறம் பேனா வாங்கி
பருத்தியை அடித்துப் பாலியஸ்டர் என்று எழுதினாள்.
காலத்தை அடிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது இருட்டி விட்டது.
விடிந்தால் அமாவாசை, ஆறரைக்கு வத்தம்.
எண்ணூறில் வாங்கிய சட்டை கொடியில்
கழுத்து திறந்து, காற்று புகுந்து,
தோளும் மார்புமாய் உப்பி நின்றது, தலையில்லாமல்.
தள்ளி நின்று
நானும் ஒரு நிமிடம் தலை சாய்த்துப் பார்த்தேன்.
பிறகு உருவி எடுத்து
ஈரம் இருக்கிறதா என்று முகத்தில் வைத்துக்கொண்டேன்.